தண்ணி குடிக்காத மாமியும் படகுக் கக்கூசும்

தலைப்பைப் பார்த்து முகம் சுழித்துப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். சாப்பாட்டைப் பற்றி எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். சாப்பிட்ட பிறகு நடக்கிற அலுவலைப் பற்றி எழுத எல்லோருக்கும் கூச்சம். எனக்கும் கூச்சம்தான். ஆனால் இந்தக் கூச்சத்தால் என் மாமியார் ஒருநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்க வேண்டி வந்தது. அதனால் எழுதுகிறேன்.

நான் ஓ.எல். சோதனையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நெதர்லாந்தில் மரக்கறி பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் ஒரு சின்னப் படகு இருக்கிறது. பணக்காரன் என்று நினைக்கவேண்டாம். என்னோடு வேலை செய்த ஒல்லாந்துக் கிழவர் ஒருவர் ஓய்வு பெற்றபோது மலிவாகத் தந்தது. நாங்கள் நாலு தமிழ்க் குடும்பங்கள் பங்கு போட்டு 2017 இல் வாங்கினோம். ஆறரை மீற்றர் நீளம். முன்பக்கம் குனிந்து போகக்கூடிய ஒரு சின்ன அறை, பின்பக்கம் ஏழெட்டுப் பேர் இருக்கலாம். இந்த நாட்டில் 15 மீற்றருக்குக் குறைந்த, மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேல் ஓடாத படகென்றால் அதை ஓட்டப் பத்திரம் எடுக்கத் தேவையில்லை. எங்கள் படகு சைக்கிளுக்கே வழிவிடும்.

நாங்கள் போவது பீஸ்பொஸ் என்ற இடத்துக்கு. தெற்கே பிறாபன்ற் மாகாணக் கரையில், ஆறுகள் பிரிந்து பின்னிக் கிடக்கிற பெரிய நீர்க்காடு. 1421 இல் வந்த பெருவெள்ளம் ஊர்களை விழுங்கி உண்டாக்கிய இடம் அது. இப்போது தேசிய வனம். நாணற் புல்லும் வில்லோ மரமும் நீர்நாயும் உண்டு. வாய்க்காலுக்குள் போய் மோட்டரை நிற்பாட்டினால் ஒரு சத்தமும் இராது. கிழமை முழுக்க மெசின் சத்தத்தில் நிற்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்று தொழிற்சாலையில் வேலை செய்கிற வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மாமிக்கு நடந்தது

2019 ஆடி மாதம் என் மனைவியின் தாயார் யாழ்ப்பாணத்திலிருந்து விசிற் விசாவில் வந்திருந்தா. வயது 64, சலரோகம் உள்ளவ. அந்த மாதம் 25 ஆம் திகதி எங்களுக்குக் கிட்ட உள்ள ஹில்சே றையன் என்ற இடத்தில் 40.7 பாகை வெக்கை பதிந்தது. இந்த நாட்டில் 40 பாகையைத் தாண்டியது அதுதான் முதல்தடவை. அந்தக் கிழமை, வீட்டுக்குள் இருக்க முடியாமல் மாமியையும் கூட்டிக்கொண்டு படகில் போனோம்.

காலை ஒன்பது மணிக்கு ஏறி மாலை ஆறு மணிக்கு இறங்கினோம். நான் தண்ணிப் போத்தலை நீட்டும்போதெல்லாம், “எனக்கு விடாய்க்கேல்லைத் தம்பி, பிள்ளையளுக்குக் குடுங்கோ” என்றா. நானும் விட்டுவிட்டேன். கரையில் இறங்கி நாலு அடி வைத்ததும் தலை சுற்றி விழுந்துவிட்டா. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். உடம்பில் தண்ணி காணாது என்றார் டொக்டர். இரண்டு நாளில் சலக்கடுப்பும் காய்ச்சலும் வந்தது.

இரவு வீட்டுக்கு வந்து மனைவியிடம், “அம்மா ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறா?” என்று கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“படகில எங்க போறது? நீங்கள் ஆம்பிளையள் பத்தையைக் கண்டால் இறங்குவியள். நாங்கள் படகுக்கு வாற நாளில விடிய எழும்பித் தேத்தண்ணி கூடக் குடிக்கிறேல்லை. இரண்டு வருசமா இப்படித்தான். உங்களுக்கு இது தெரியாதோ?”

எனக்குத் தெரியாது. அதுதான் வெட்கம்.

ஏனென்றால் நான் இதை முந்தியே கண்டவன். 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் நாங்களும் இருந்தோம். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட சனத்தை அந்தக் கம்பி வேலிகளுக்குள் அடைத்து வைத்திருந்த காலம். எனக்கு அப்போது இருபது வயது. கக்கூசுக்கு நீட்டு வரிசை. என் அம்மாவும் அக்காவும் பகலில் தண்ணி குடிக்கமாட்டார்கள். இருட்டிய பிறகு துணை சேர்த்துக்கொண்டு போவார்கள். தண்ணித் தட்டுப்பாடு என்றபடியால் எங்களுக்காக மிச்சம் பிடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பத்து வருசம் கழித்து, சொந்தப் படகில், சுதந்திரமான நாட்டில், அதே காரியம் என் கண்ணுக்கு முன்னால் நடந்திருக்கிறது. கம்பி வேலி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பெட்டி வாங்கிய கதை

அடுத்த சனிக்கிழமையே படகுச் சாமான் கடைக்குப் போனேன். பெரிய படகில் நிரந்தரமாகப் பூட்டுகிற ரொயிலற் எங்கள் படகுக்குள் அடங்காது. கையால் தூக்கிக்கொண்டு போகக்கூடிய பெட்டி ரொயிலற்தான் சரி. காம்பிங் போகிறவர்கள் வைத்திருப்பார்களே, அதுதான். 95 யூரோ. நாலாகப் பிரித்தால் ஒரு குடும்பத்துக்கு 24 யூரோ கூட வரவில்லை. இதை இரண்டு வருசத்துக்கு முந்தியே செய்திருக்கலாம்.

இது இரண்டு பெட்டி. ஒன்றின் மேல் ஒன்று இருந்து பக்கக் கொளுக்கியால் பூட்டும். மேற்பெட்டியில் இருக்கையும் கழுவும் தண்ணியும். கீழ்ப்பெட்டியில் கழிவு. இரண்டுக்கும் நடுவில் ஒரு தகட்டுக் கதவு. பிடியை இழுத்தால் திறக்கும், தள்ளினால் மூடும். கதவைச் சுற்றி ஒரு றப்பர் வளையம். மணம் வெளியே வராமல் தடுப்பது அந்த வளையம்தான். அது நன்றாக இருக்கும்வரை நீங்கள் பக்கத்தில் இருந்து சோறு சாப்பிடலாம்.

எங்களுடையது மேலே 15 லீற்றர், கீழே 21 லீற்றர். வாங்குவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். 21 லீற்றர் நிரம்பினால் இருபது கிலோவுக்கு மேல். அதை ஆடுகிற பலகைப் பாலத்தில் தூக்கிக்கொண்டு போகவேண்டும். முதுகு நோ உள்ளவர்கள் பத்துப் பன்னிரண்டு லீற்றர்ப் பெட்டி வாங்குவது புத்தி. அடிக்கடி ஊற்றவேண்டி வரும், ஆனால் முதுகு மிஞ்சும்.

பாவிக்கும் முறை

கீழ்ப்பெட்டிக்குள் முதலில் இரண்டு லீற்றர் தண்ணியும் அதற்குரிய மருந்தும் விடவேண்டும். நீல மருந்தும் பச்சை மருந்தும் கீழ்ப்பெட்டிக்கு. பச்சை, மண்ணுக்கும் தண்ணிக்கும் தீங்கு குறைந்தது. நாங்கள் அதைத்தான் பாவிக்கிறோம். இளஞ்சிவப்பு மருந்து மேற்பெட்டித் தண்ணிக்கு. மாறி ஊற்றவேண்டாம். அளவு போத்தலில் எழுதியிருக்கும். கூட விட்டால் கூட வாசம் என்று நினைப்பது எங்கள் ஆட்களின் குணம். அது வீண் செலவு.

வெயில் நாளில் கீழ்ப்பெட்டிக்குள் காற்று உப்பி நிற்கும். அதனால் இருக்க முதல், மேல்மூடியை மூடியபடியே தகட்டுக் கதவை ஒருதரம் கொஞ்சம் திறந்து மூடுங்கள். காற்றுப் போய்விடும். இதைச் செய்யாமல் அவசரப்பட்ட என் சிநேகிதர் ஒருவருக்கு நடந்ததை இங்கே எழுத முடியாது.

பிறகு கதவைத் திறந்து, அலுவலை முடித்து, தண்ணி அடித்து, கதவை இறுக்கி மூடவேண்டும். கடைசிப் படியைப் பிள்ளைகள் மறப்பார்கள். சுவரில் ஒரு படம் கீறி ஒட்டியிருக்கிறோம்.

ஆண்களும் இருந்தே போகவேண்டும். படகு ஆடும், நின்றால் குறி தப்பும். படகு விளிம்பில் நின்று ஆற்றுக்குள் போகிற பழக்கத்தையும் விடுங்கள். அப்படி நின்று தவறி விழுந்து செத்தவர்கள் உண்டு.

இனி எங்கள் ஆட்களுக்கு மட்டும் உரிய ஒரு கணக்கு. விளக்கப் புத்தகத்தில் இது இல்லை. வெள்ளைக்காரர் பேப்பரால் துடைப்பவர்கள். நாங்கள் தண்ணியால் கழுவுபவர்கள். சும்மா விட்டால் ஒருவர் கழுவவே இரண்டு லீற்றர் போகும். முதல் நாள் மத்தியானத்துக்குள்ளேயே பெட்டி நிரம்பியது அதனால்தான். இப்போது அரை லீற்றர்ப் போத்தலில் தண்ணி நிரப்பி, மூடியில் துளை போட்டு வைத்திருக்கிறோம். அமத்தினால் பீய்ச்சும், கொஞ்சத் தண்ணி காணும். பெட்டியை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பக்கூடாது. ஆகவே 21 இல் 16 லீற்றர். முதலில் விட்ட இரண்டைக் கழித்தால் 14. ஒருதரம் சலம் போய்க் கழுவித் தண்ணி அடிக்க ஏறத்தாழ ஒரு லீற்றர். ஏழு பேர் ஆளுக்கு இரண்டு தரம் போகலாம். ஒருநாள் பயணத்துக்குப் போதும்.

ஈரத் துடைதாளும் பெண்கள் பாவிக்கும் பாட்டும் உள்ளே போடக்கூடாது. கதவு அடைபடும். மூடியுள்ள சின்ன வாளி ஒன்றும் கறுப்புப் பையும் பக்கத்தில் வையுங்கள். ரொயிலற் பேப்பர் மெல்லியதாக, தண்ணியில் கரைவதாக இருக்கட்டும்.

இன்னும் மூன்று விசயம். பெட்டியை நிலத்தோடு கொளுவி வைக்கும் சட்டம் விற்கிறது, அதை வாங்குங்கள். பெரிய கப்பல் ஒன்று கடந்து போனால் வரும் அலைக்குப் பெட்டி நடக்கும். இரண்டாவது, தடித்த துணியில் திரை. மூன்றாவது, றேடியோ. மனைவிதான் சொன்னாள். ஒருவர் உள்ளே போனால் வெளியே இருக்கிறவர்கள் பாட்டைக் கொஞ்சம் கூட்டவேண்டும். ஒருவரும் “எங்க போறியள்?” என்று கேட்கக்கூடாது. றேடியோ வந்த பிறகுதான் பெண்கள் கூச்சமில்லாமல் போகத் தொடங்கினார்கள்.

யார் தூக்குவது?

வாங்குவதும் பாவிப்பதும் சுகம். முதல்நாள் பின்னேரம் துறைக்குத் திரும்பியபோதுதான் பிரச்சினை தொடங்கியது. பெட்டி நிரம்பிவிட்டது. நாலு ஆம்பிளைகள் நிற்கிறோம். நாலு பேரும் சப்பாத்தைப் பார்க்கிறோம்.

எங்களில் மூத்த அண்ணை சொன்னார்: “தம்பி, திரும்பிப் போய் அந்தப் புல்லுக்குள்ள ஊத்திப்போட்டு வருவம். ஆர் பாக்கப்போறான்?”

பொழுதுபோக்குப் படகுகளின் ரொயிலற் கழிவை ஆற்றிலோ ஏரியிலோ கடலிலோ ஊற்றுவது நெதர்லாந்தில் 2009 ஜனவரி 1 ஆம் திகதியிலிருந்து தடை. பிடிபட்டால் தண்டம். ஆனால் தண்டத்தை விடப் பெரிய காரணம் ஒன்று அந்த இடத்திலேயே இருக்கிறது. பீஸ்பொஸ்சுக்குள் மூன்று பெரிய நீர்த்தேக்கங்கள் உண்டு. மாஸ் ஆற்றுத் தண்ணியை அதற்குள் எடுத்து, பிறகு சுத்தம் செய்து, றொற்றடாம் பக்கத்துக்குக் குடிதண்ணியாக அனுப்புகிறார்கள். அண்ணையின் வீடு றொற்றடாமில்.

“அண்ணை, ஊத்துங்கோ. பிறகு உங்கட வீட்டுக் குழாயில தேத்தண்ணிக்குப் பிடியுங்கோ” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணையும் சிரித்தார். ஆனால் பெட்டியைத் தொடவில்லை. “துறையில ஆருக்கும் காசு குடுத்துச் செய்விக்கேலாதோ? இது எங்கட வேலையோ?” என்றார்.

அண்ணை கெட்ட மனிதர் அல்ல. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எட்டு வருசம் ஹோட்டலில் கக்கூஸ் கழுவித்தான் தங்கச்சிமார் மூன்று பேரைக் கட்டிக்கொடுத்தவர். ஊருக்கு எழுதும்போது ஹோட்டலில் மனேச்சர் என்று எழுதினவர். அதை அவரே சொல்லிச் சிரிப்பார். சம்பளத்துக்குச் செய்தால் அது தொழில். தன் வீட்டுக்குச் செய்தால் மரியாதைக் குறைவு. எங்களில் எத்தனை பேருக்கு இந்த நினைப்பு உள்ளே இருக்கிறது!

எனக்கு அப்போது என் ஐயா சொன்ன ஒரு கதை ஞாபகம் வந்தது. ஐயா சிறுவனாக இருந்த காலத்தில் யாழ்ப்பாணப் பட்டினத்தில் வாளிக் கக்கூஸ். பின்ஒழுங்கையால் ஒருவர் வந்து வாளியை எடுத்து ஊற்றிப்போட்டுப் போவார். ஒருநாள் வெயிலில் அவர் தண்ணி கேட்டாராம். அப்பாச்சி செம்பை எடுத்துக்கொண்டு போய், அவர் குனிந்து இரண்டு கையையும் ஏந்த, செம்பு கையில் படாமல் உயரத்திலிருந்து ஊற்றினாவாம். பாதித் தண்ணி நிலத்தில் போனதாம். “அந்த ஆளின்ரை பேர் என்ன ஐயா?” என்று கேட்டேன். ஐயாவுக்குத் தெரியாது. கிழமைக்கு ஆறு நாள் வந்த மனிதர்.

இந்தக் கதையை நான் அன்று துறையில் சொல்லவில்லை. பிரசங்கம் வைக்கிற நேரமில்லை. பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போனேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் என் மனைவி, கையில் கையுறையும் சோப்பும்.

அடுத்த நாள் நாலு வீட்டுக்கும் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தோம். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வீடு. அந்த வீட்டு ஆம்பிளைதான் தூக்கவேண்டும். சம்மதமில்லாதவர் படகுப் பங்கைக் காசாக எடுத்துக்கொள்ளலாம். ஒருவரும் எடுக்கவில்லை. அண்ணையின் முறை வந்தபோது இரண்டு சோடிக் கையுறை, மூக்குக்கு முகக்கவசம், தலைக்குத் தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு சந்திரனுக்குப் போகிற ஆள் மாதிரிப் போனார். மூன்றாவது முறை ஒரு சோடிக் கையுறையோடு போய், வழியில் நின்று ஒல்லாந்துக்காரர் ஒருவரோடு காலநிலை கதைத்துக்கொண்டிருந்தார். அவர் கையிலும் அதே பெட்டி.

ஊற்றும் முறையும் பராமரிப்பும்

ஊற்றும் இடம் பல படகுத் துறைகளில் உண்டு. பலகையில் ‘கெமிஸ் ரொயிலெற்’ என்று போட்டிருக்கும். மழைத்தண்ணி வாய்க்காலுக்குள் ஊற்றக்கூடாது, அது நேரே ஆற்றுக்குத்தான் போகும்.

கொளுக்கியைக் கழற்றினால் கீழ்ப்பெட்டி தனியாக வரும். கழற்ற முதல் தகட்டுக் கதவு மூடியிருக்கிறதா என்று இரண்டு தரம் பாருங்கள். ஊற்றும் குழாயை வெளிப்பக்கம் திருப்பி மூடியைக் கழற்றுங்கள். பெட்டியில் காற்றுப் போக ஒரு பொத்தான் இருக்கும். குழாய் கீழ்நோக்கிச் சாய்ந்த பிறகு மட்டும் அதை அமத்துங்கள். அமத்தாமல் ஊற்றினால் குளுக் குளுக் என்று துள்ளி உங்கள் காற்சட்டையில் தெறிக்கும். பிறகு இரண்டு தரம் தண்ணி விட்டுக் குலுக்கி ஊற்றுங்கள். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

குளோறின் கலந்த திராவகம் ஒருபோதும் விடவேண்டாம். சலத்தோடு சேர்ந்தால் நச்சுக் காற்று வரும். சின்ன அறைக்குள் அது ஆபத்து. றப்பரையும் அது தின்றுவிடும். வசிலீனும் றப்பருக்குக் கூடாது. மெல்லிய துணியால் வளையத்தைத் துடைத்து, சிலிக்கோன் ஸ்பிறே கொஞ்சம் அடித்தால் போதும்.

வருசத்தில் ஒருதரம் சோதனை செய்யுங்கள். கதவை மூடி, கோப்பைக்குள் கொஞ்சத் தண்ணி விட்டுப் பத்து நிமிசம் பாருங்கள். தண்ணி இறங்கினால் வளையம் பழுது. வளையம் தனியாக வாங்கலாம், புதுப் பெட்டி வாங்கத் தேவையில்லை. மாரி தொடங்க முதல் இரண்டு பெட்டியிலும் உள்ள தண்ணியை முழுதாக வடித்து, காயவைத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் வையுங்கள். உள்ளே தண்ணி உறைந்தால் பிளாஸ்ரிக் வெடிக்கும். வைக்கும்போது தகட்டுக் கதவையும் மூடியையும் திறந்து விடுங்கள், றப்பர் ஒட்டாது.

கடைசியாக

2023 இல் மாமி திரும்பவும் வந்தா. படகுக்கு வரமாட்டன் என்று அடம்பிடித்தா. மனைவி கூட்டிக்கொண்டு போய் அறைக்குள் பெட்டியைக் காட்டினாள். மாமி மூடியைத் திறந்து பார்த்தா, பிடியை இழுத்துப் பார்த்தா, மணந்தும் பார்த்தா. வெளியே வந்து ஒன்றும் சொல்லவில்லை.

வாய்க்காலுக்குள் மோட்டரை நிற்பாட்டினோம். பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றினார்கள். மாமி குடித்து முடித்துக் கோப்பையை நீட்டினா. “இன்னும் கொஞ்சம் விடு பிள்ளை” என்றா. அண்ணை ஒன்றும் பேசாமல் றேடியோவைக் கூட்டினார்.

வாசகர்களே, உங்களில் பலரிடம் படகு இராது. ஆனால் வாடகை வான் பிடித்துத் தேருக்குப் போவீர்கள், மைதானத்தில் விளையாட்டுப் போட்டி வைப்பீர்கள், மண்டபம் எடுத்துக் கலைவிழா செய்வீர்கள். சாப்பாட்டுக்கு ஆள் வைப்பீர்கள், ஒலிபெருக்கிக்கு ஆள் வைப்பீர்கள். அடுத்த முறை ஒழுங்கு செய்யும்போது, வீட்டுப் பெண்களிடமும் வயது போனவர்களிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: “போன முறை வந்தபோது நீங்கள் தண்ணி குடித்தீர்களா?”

பதிலைக் கேட்ட பிறகு மற்ற அலுவலைப் பாருங்கள்.